முழங்காலுக்குக் கீழே

வலது காலை எடுத்து வைத்தால் பெட்டி மாமா பக்கம் போகிறது, இடது காலை வைத்தால் திரும்பி வந்து என் கணைக்கால் எலும்பில் டொக்கென்று இடிக்கிறது, இது முப்பதாவது டொக்காக இருக்கும், எண்ணிக்கொண்டே வந்தவன் கூட்டுறவுக் கடைத் திருப்பத்தில் கணக்கை விட்டுவிட்டேன். பெட்டிக்குள் டிரைவர் வில்பிரட் மாத்தயா, சிங்களத்தில் மாத்தயா என்றால் ஐயா. போன வியாழக்கிழமைவரை எங்கள் ஊர் ஆறேகால் பஸ்ஸைப் பதுளைக்கு ஓட்டியவர். முன்னால் வலதுபக்கம் அவருடைய தம்பி நந்தசேன அண்ணன். முன்னால் இடதுபக்கம் தையல்கார உவைஸ் நானா. பின்னால் வலதுபக்கம் அந்த பஸ்ஸின் கொண்டக்டர், என் தாய்மாமன் அங்கமுத்து. பின்னால் இடதுபக்கம் நான், தனராஜ். எங்களுக்குப் பின்னால் மாத்தயாவின் மனைவி சோமாவதி அக்கா, அவருடைய தங்கச்சி, அவ்வளவுதான் ஊர்வலம். பத்துப் பேருக்கு மேல் வரக்கூடாது என்று அவனுங்க ஒட்டின துண்டுக் காகிதத்தில் எழுதியிருந்தது. கவலையே வேண்டாம், ஐயாமாரே, ஆறு பேருக்கே ஆளைத் தேடித்தான் பிடித்தோம். மேளம் கூடாது, வெள்ளைக்கொடி கூடாது, துரோகியின் பெட்டி முழங்காலுக்கு மேலே வரக்கூடாது. கொப்பியில் கிழித்த ஒரு தாள், நீல மை, அச்சு மாதிரி சிங்கள எழுத்து, சோற்றுப் பருக்கையால் லைட் கம்பத்தில் ஒட்டியிருந்தது. இரண்டு வருசமாக எங்கள் ஊரில் அரசாங்கம் என்றால் அதுதான். கடையைப் பூட்டு என்றால் பூட்டு, விளக்கை அணை என்றால் அணை, பிணத்தைக் குனிந்து தூக்கு என்றால் குனி.

ஆனால் நாங்கள் குனியவில்லை, அதுதான் விசயம், அதை நினைத்தால் இந்த நிலையிலும் வயிற்றுக்குள் ஒரு சிரிப்பு உருளுகிறது, சிரிக்கக்கூடாது, பின்னால் சோமாவதி அக்கா. நேற்றுப் பின்னேரம் நானா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மாத்தயா வீட்டுக்கு வந்தார். 'பெட்டி கீழ ஈக்கணும் எண்டுதான் எழுதீக்கி, தூக்குறவன் குனியணும் எண்டு எழுதல்லியே' என்றார். தோளிலிருந்து, லொறி மூடுகிற படங்குத் துணியில் வார் தைத்துத் தொங்கவிட்டால் பெட்டி கணைக்கால் உயரத்தில் வரும், ஆட்கள் நேராக நடக்கலாம். மாமாவுக்கு உடனே சந்தேகம். 'யாரு முழங்காலு நானா? ஒங்க முழங்காலு எங்க இருக்கு, என் முழங்காலு எங்க இருக்கு?' நானா ஆறடி, மாமா நாலே முக்கால். 'துண்டுல பேர் போடல்லியே அங்கமுத்து. ஆகக் கட்டையான முழங்கால எடுப்போம், அதான் பாதுகாப்பு.' 'கட்டைன்னு யாரச் சொல்றீங்க?' 'முழங்காலச் சென்னேன் மனுசன், நில்லுங்க ஆடாம.' சாவு வீட்டில், பெட்டிக்கு மூன்றடி தள்ளி, நாங்கள் மூன்று பேரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையாக நிற்க, ஒரு தையல்காரர் மண்டியிட்டு முழங்கால் அளந்துகொண்டு போனார். மாமாவுடையது பதினேழு அங்குலம். பெட்டி பன்னிரண்டு, தச்சனிடம் சொல்லி ஆழம் குறைத்துச் செய்தது. மிச்சம் ஐந்து. அந்த ஐந்து அங்குலத்தில்தான் இப்போது நடந்துகொண்டிருக்கிறோம். மேலே போனால் அவனுங்க, கீழே போனால் கல்லு.

டொக். எனக்குக் குரல் பண்ண வரும். யாருடைய குரலும். இரண்டாம் வகுப்பில் ஆரம்பித்தது, பிரின்சிபல் மாதிரி 'அங்கே யார் அது' என்று ஜன்னலுக்கு வெளியே நின்று ஒரு அதட்டல், உள்ளே டீச்சர் முதற்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை, சொறி மாதிரி. தோட்டத்துக் கிளாக்கர், கச்சான் கடலை விற்கிற கிழவி, ரேடியோச் செய்தி, மாத்தயாவின் பஸ் கியர் மாற்றும்போது அழுகிற அழுகை, எல்லாம் வரும். மாத்தயா சிரிப்பார், 'மல்லி, மூன்றாவது கியரில் இன்னும் கொஞ்சம் இருமணும்' என்று திருத்தம் சொல்லுவார், மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. இந்தத் துண்டுக்காரன்களின், அரசாங்கத்தைக் கவிழ்க்கப் புறப்பட்ட சிங்களப் பையன்களின் கதையைக்கூட எனக்குக் குரல் குரலாகத்தான் தெரியும். முதல் தடவை எழுபத்தொன்றில். அது மாமாவின் குரல்: 'ஒரே ராத்திரியில பொலிஸ் ஸ்டேசன் பூராவும் அடிச்சானுங்கடா, எல்லாம் ஒன்னைய மாதிரி பயலுக, பள்ளிக்கூடத்துப் பயலுக, நாட்டுத் துப்பாக்கி, கையால செஞ்ச குண்டு. ரெண்டு கிழமையில முடிஞ்சிருச்சு. அப்புறம் ஆத்துல தண்ணி எடுக்கல நாங்க.' பதினாறு வருசம் கழித்து மறுபடியும், இந்தியப் பட்டாளம் வடக்கே வந்து இறங்கினதும். அது மளிகைக்கடை முதலாளியின் குரல், மூக்கால் பேசுவார்: 'தம்பி, மைசூர்ப் பருப்புன்னு கேக்காதீங்க, பருப்புன்னு கேளுங்க. பம்பாய் வெங்காயம்னு கேக்காதீங்க, பெரிய வெங்காயம்னு கேளுங்க.' இந்தியச் சாமான் விற்றால் மரணம் என்று துண்டு வந்திருந்தது. மாமா ஒருநாள் அந்தக் கடையில் நின்றுகொண்டே சொன்னார், 'வெங்காயத்துக்கே தடைன்னா, அதே கப்பல்ல வந்த நமக்கு எப்ப துண்டு ஒட்டுவானுங்களோ.' எல்லோரும் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே கதவுப் பக்கம் பார்த்தார்கள். அதற்குப் பிறகு இந்தப் பக்கத்துக்காரர்கள், அரசாங்கத்தின் ஆட்கள், ஆரம்பித்தார்கள். அவர்கள் துண்டு ஒட்டுவதில்லை, நம்பர் பிளேட் இல்லாத ஜீப்பில் வருவார்கள், காலையில் பாலத்தடியில் ஆளோடு டயர் புகைந்துகொண்டிருக்கும். பஸ் மெதுவாகப் போகும், யாரும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்கள், எல்லாருக்கும் திடீரென்று டிக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க ஆசை வந்துவிடும். பழகிவிட்டது. மழை வருமா என்று பார்ப்பது மாதிரி லைட் கம்பத்தைப் பார்த்துவிட்டுப் பல் விளக்கப் போவோம்.

தோள் வலிக்கிறது. வார் கழுத்தை அறுக்கிறது. நந்தசேன அண்ணனின் முதுகையே பார்த்துக்கொண்டு நடக்கிறேன், சட்டை வேர்வையில் ஒட்டியிருக்கிறது, அந்தச் சட்டையின் மேல்பையில் ஒரு தாள் இருக்கிறது, நான் எழுதின தாள். இப்போது வேண்டாம். இப்போதே நினைத்துவிட்டேன். மே மாதம், கணக்குப் பரீட்சை, திரிகோணம், எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. கொப்பியின் நடுப்பக்கத்தைக் கிழித்தேன். குரல் பண்ணுகிறவனுக்கு எழுத்துப் பண்ணுவதா கஷ்டம், அவன்களுடைய எழுத்தும் ஒரு குரல்தான், வளைவே இல்லாத குரல், தண்டனை என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு. நாளை பாடசாலை மூடப்பட வேண்டும். மீறினால் மரண தண்டனை. படித்துப் பார்த்து நானே சிலிர்த்துக்கொண்டேன், அவ்வளவு நன்றாக இருந்தது. பள்ளிக்கூட கேட்டில் ஒட்டினேன். அப்புறம் ஒரு யோசனை, வாத்திமார் பஸ்ஸில் அல்லவா வருகிறார்கள், பஸ் ஓடினால் சந்தேகம் வருமே. நடுப்பக்கத்தின் மற்றப் பாதி கையில் இருந்தது. அதில் நாளை பஸ் ஓடக்கூடாது என்று எழுதி பஸ் ஸ்டாண்டில் ஒட்டினேன். அந்த யோசனை எங்கிருந்து வந்தது? ஏன் வந்தது? கேட்டில் ஒன்றே போதாதா? பிரின்சிபல் ஒரு துண்டுக்கே பயந்து மூடியிருப்பார். வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்ற ஆசை. அவ்வளவுதான். மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை, பஸ்ஸும் இல்லை, நான் ஆற்றில் குளித்தேன், கரையில் உட்கார்ந்து கொய்யாக்காய் தின்றேன், வாழ்க்கையில் அவ்வளவு இனிப்பான கொய்யா தின்றதில்லை.

அன்றைக்கு நாடு முழுக்க பஸ் ஓடியிருக்கிறது. எங்கள் ஊர் பஸ் மட்டும் நின்றிருக்கிறது. இராணுவ முகாமிலிருந்து வந்து கேட்டார்கள், யார் நிறுத்தச் சொன்னது, எங்கேயும் ஹர்த்தால் இல்லையே, நீயும் அவனுங்களும் கூட்டா? மாத்தயா இரண்டு நாள் உள்ளே இருந்தார். வெளியே வந்தபோது இடது காது கேட்கவில்லை, ஹோர்ன் அடித்துவிட்டு அடித்தேனா என்று மாமாவைக் கேட்பார். இனிமேல் எந்தத் துண்டு வந்தாலும் பஸ்ஸை ஓட்டுவேன் என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அந்த ஒரு கையெழுத்துத்தான். போன வியாழக்கிழமை உண்மையான ஹர்த்தால், உண்மையான துண்டு, நாடு முழுக்க ஒரு சக்கரம் உருளவில்லை. மாமா காய்ச்சல் என்று கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டார், கட்டிலுக்கு மேலே படுக்க வேண்டிய காய்ச்சல். மாத்தயா வெறும் பஸ்ஸைப் பதுளைக்கு ஓட்டிக்கொண்டு போனார், வெறும் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு வந்தார், பஸ்ஸை நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்தவர் வாழைத் தோட்டத்தோடு நின்றுவிட்டார். நந்தசேன அண்ணன் அழவில்லை. மே மாதத்துத் துண்டை மாத்தயா ஏனோ பத்திரமாக வைத்திருந்திருக்கிறார், அதை எடுத்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். யார் யாரையோ பிடித்து அவனுங்களிடமே கேட்டனுப்பியிருக்கிறார். எங்களுடையது இல்லை, எங்கள் பேரில் எழுதினவன் யாரென்று தெரிந்தால் சொல், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. நேற்று முழங்கால் அளக்கும்போது அதை விரித்து எல்லோருக்கும் காட்டினார். 'இதை எழுதினவனைப் பார்க்காமல் நான் சாகமாட்டேன்' என்றார் சிங்களத்தில், ரொம்பச் சாதாரணமாக, தண்ணீர் கேட்பது மாதிரி. மாமா எட்டிப் பார்த்துவிட்டு, 'நல்லாப் படிச்ச பய எழுதியிருக்கான்' என்றார். எனக்கு, கடவுளே, ஒரு நொடி பெருமையாக இருந்தது.

சொல்லிவிட வேண்டும். மயானத்துக்குள் போவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று நேற்றுக் காலையில் முகம் கழுவும்போது முடிவு பண்ணினேன், மாமா நாலாவது ஆளாக வருவாயா என்று கேட்டபோது உடனே சரி என்றதும் அதற்குத்தான், அம்மாகூட ஆச்சரியப்பட்டாள். சொன்னால் என்ன நடக்கும்? ஒன்று, இங்கேயே அடிப்பார். இரண்டு, அவனுங்களிடம் பேரைக் கொடுப்பார். மூன்று, முகாமில் கொடுப்பார். மூன்றிலும் முடிவு ஒன்றுதான், டயரா, வாழைத் தோட்டமா என்பதுதான் வித்தியாசம். சொல்லாவிட்டால்? ஒன்றும் நடக்காது. அதுதான் தாங்கவில்லை, ஒன்றும் நடக்காது, நான் டீ குடிப்பேன், பரீட்சை எழுதுவேன், எனக்கு மீசை வளரும். எப்படிச் சொல்வது? ரேடியோக் குரலில் சொல்லிப் பார்த்தேன், மனதுக்குள்: செய்திகள், பஸ் நிலையத் துண்டை எழுதியவர் தனராஜ் எனத் தெரியவந்துள்ளது. பிரின்சிபல் குரலில்: நந்தசேன, உம்மிடம் ஒரு விசயம் கூற வேண்டியிருக்கிறது. மாமா குரலில்: அட, பய வெளையாட்டுக்குப் பண்ணிட்டான் அண்ணே. ஒவ்வொன்றும் பகிடியாகத்தான் வருகிறது. என் குரல் எப்படி இருக்கும்? அம்மாவிடம் சோறு கேட்கும்போது பேசுவது என் குரலா? அதுகூடச் சின்ன வயதில் நான் எப்படிக் கேட்டேனோ அதைப் போலப் பண்ணுவதுதான். இருக்கட்டும். டொக் வரவில்லையே? டொக் எங்கே? கீழே பார்த்தால் பெட்டியின் என் பக்கத்து மூலை இறங்கியிருக்கிறது, எலும்புக்குக் கீழே போய்விட்டது, வார் நீண்டுகொண்டிருக்கிறது. க்ர்ர்ர். கல்லில் உரசுகிறது. சோமாவதி அக்கா 'அம்மே' என்றார், பின்னால், அவ்வளவு மெதுவாக.

'நானா, வாரு இழுபடுது' என்றேன். 'எந்தப் பக்கம்?' 'என் பக்கம்.' நானா திரும்பாமலே, 'மூணுதான் நேர்வாக்குல வெட்டின மகன், நாலாவதுக்குத் துணி காணல்ல, சாய்ச்சு வெட்டின. சாய்ச்சு வெட்டினா இழுபடும் எண்டு என்ட விரலுக்கே தெரியும், பயத்துல மறந்துட்டன்.' மாமா பல்லைக் கடித்துக்கொண்டு, 'முப்பது வருசத் தையலு' என்றார். 'நீங்க காய்ச்சல்ல படுத்தாப்போல நானும் படுத்தீக்கணும்' என்றார் நானா. நான் வாரைக் கையால் பிடித்து மேலே இழுத்தேன், முழங்கை மடங்கியது, மூலை எழும்பியது, உரசல் நின்றது. எவ்வளவு எழும்பியது என்று தெரியவில்லை. மேலிருந்து பார்க்கிறவனுக்கு உயரம் தெரியாது.

மதகுச் சுவரில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சைக்கிள். எங்களைப் பார்க்கவே உட்கார்ந்திருந்தார்கள், இந்த மதகில் வேறு எதற்கும் யாரும் உட்கார மாட்டார்கள், கீழே சாக்கடை. நீலச் சட்டைக்காரன் தலையைக் குனிந்து எங்கள் கால்களைப் பார்த்தான். 'கீழே' என்றான். அந்த ஒரு சொல்லில் எனக்குத் தெரிந்துவிட்டது. தொண்டைக்குள் நாக்கை இழுத்து, நெஞ்சிலிருந்து காற்றைத் தள்ளி, கனமாக்கின குரல், எனக்கு அந்த வேலை தெரியும், நான் பிரின்சிபலுக்குப் பண்ணுவது அதுதான். அடியில் ஒரு பதினெட்டு வயதுப் பையனின் கீச்சுக் குரல் ஒளிந்திருக்கிறது. என்னை மாதிரிப் பகிடிக்காரன்! துண்டுகூட இவனே எழுதியிருக்கலாம், மாத்தயாவிடம் ஏதாவது பழைய கோபம், பஸ்ஸை நிறுத்தாமல் போயிருப்பார். அப்படியென்றால் பெட்டியைத் தோளுக்குத் தூக்கலாம், இப்போதே, நாலு பேரும், மனுசனைத் தூக்குகிற மாதிரி தூக்கலாம், நான் சொன்னால் போதும். வாய் திறந்துவிட்டேன். மூடினேன். உண்மையானவனும் இப்படித்தானே பேசுவான்? எழுபத்தொன்றில் மாமா பார்த்தவர்களும் பள்ளிக்கூடத்துப் பயல்கள்தானே, அவன்களுக்கு மட்டும் கனமான குரல் பிறவியிலேயே வருமா? எல்லோருமே தொண்டையை இழுத்துத்தான் ஆரம்பித்திருப்பார்கள். நான் எழுதின துண்டு பொய், அது பஸ்ஸை நிறுத்தியது, காதைச் செவிடாக்கியது. பொய்யென்றால் வேலை செய்யாது என்று யார் சொன்னது. 'கீழே' என்றான் மறுபடியும். நான் முழங்கையை நீட்டினேன். மூலை கல்லில் உட்கார்ந்தது.

நந்தசேன அண்ணன் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். நாலு பேரும் பெட்டியை ரோட்டில் வைத்தோம். மதகுக்காரர்களைப் பார்த்து, 'வாரைக் கட்ட வேண்டும்' என்றார், கெஞ்சலும் இல்லை கோபமும் இல்லை. நீலச் சட்டை தலையை ஆட்டினான். அண்ணன் என் காலடியில் மண்டியிட்டு வாரைக் கையில் எடுத்து, எவ்வளவு குறைக்க வேண்டும் என்று பெருவிரலால் அளந்தார். உச்சந்தலையில் நரை இருந்தது, இவ்வளவு கிட்டத்தில் இருந்தால்தான் தெரியும். நானாவும் மாமாவும் முன்பக்கம் போய் மூச்சு வாங்கினார்கள், அக்கா கையால் பெட்டியின் மூலையில் ஒட்டிய தூசியைத் துடைத்தார். அண்ணன் முடிச்சுப் போட்டுக்கொண்டே, நிமிராமல், மெதுவாகச் சொன்னார், 'எங்கள் சொந்தத்தில் இருபத்திமூன்று வீடு இருக்கிறது, மல்லி. ஒரு ஆம்பிளை வரவில்லை. நீ வந்தாய். என் அண்ணன் எப்போதும் உன் கதைதான் சொல்லுவான், அந்தப் பையன் என் பஸ் மாதிரி இருமுவான் என்று.'

'அந்தத் துண்டு நான் எழுதினது' என்றேன்.

சிங்களத்தில்தான் சொன்னேன், அந்த நாலு சொல்லும் யாருடைய குரலிலும் இல்லை, உடைந்து, பாதி காற்றாகப் போனது. அவர் நிமிரவில்லை. முடிச்சில் கை நின்றது. 'எந்தத் துண்டு?' 'உங்கள் பையில் இருக்கிறது. பஸ் ஸ்டாண்ட் துண்டு. கணக்குப் பரீட்சை இருந்தது.' கணக்குப் பரீட்சை என்று ஏன் சொன்னேன், அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம், சொல்லாமல் இருந்திருந்தாலாவது ஏதோ ஒரு பெரிய காரணம் இருந்ததாக நினைத்திருப்பார். இடது கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது, தொட்டுவிட்டு இறங்கியது. மதகுச் சுவர் பத்து அடி தூரத்தில். ஒரு சத்தம் போட்டால் போதும், எழுதினவன் இவன்தான் என்று. நீலச் சட்டைக்காரன் பொய்யோ உண்மையோ, இன்றைக்கே உண்மையாகிவிடுவான். நான் அவருடைய உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு ஈ பெட்டியின் மேல் உட்கார்ந்து கைகளைத் தேய்த்தது. அப்புறம் அந்த விரல்கள் அசைந்தன. முடிச்சை இழுத்தார், இன்னொரு முடிச்சுப் போட்டார், அதையும் இழுத்தார், வாரைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார்.

'உயரம் சரியா?' என்றார்.

'சரி.'

எழுந்தார். முகத்தை இப்போதுதான் பார்த்தேன், அதில் ஒன்றும் இல்லை, பூட்டின கடை மாதிரி இருந்தது. 'மூன்று பேரால் இதைத் தூக்க முடியாது' என்றார். 'புதைத்து முடியும்வரை நீ எனக்கு வேண்டும். அதற்குப் பிறகு பேசுவோம்.' முன்னால் போய்த் தன் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டார். மாமா, 'என்னாடா, மொகம் வெளுத்திருச்சு, தூக்க முடியலையா?' என்றார். 'முடியும் மாமா' என்றேன். தூக்கினோம். இந்த முறை பெட்டி எங்கேயும் இடிக்கவில்லை, நாலு பக்கமும் ஒரே மட்டம், மதகுக்காரர்கள் கால்களைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். மயானத்துச் சுவர் தெரிந்தது. சத்தம் போடாமல் ஓத ஒப்புக்கொண்ட பிக்கு வாசலில் குடையோடு நின்றார், பக்கத்தில் குவித்த சிவப்பு மண். நூறடிதான் இருக்கும். நான் அடியைச் சின்னதாக்கினேன். மாமா முணுமுணுத்தார். இன்னும் சின்னதாக்கினேன், முன்னால் நந்தசேன அண்ணனின் வார் இழுபட்டு இறுகியது, திரும்பிப் பார்க்கவில்லை, அவரும் அடியைக் குறைத்துக்கொண்டார்.